சனிக்கிழமை மிருகங்கள்

பெப்ரவரி 8, சனி

எங்கள் மிருகப் படப் பட்டியலை இன்று மறுபடி மாற்றினோம். மகள் டிலு பிடிவாதமாக நின்றதால் நண்டு இரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டது. மரவட்டை மூன்றுக்கு இறங்கியது. முதலிடத்தில் எனக்கு எப்போதும் திருக்கை மீன்தான். கடலிலிருந்து எழும்பிப் பறந்து வந்து ஒரு நகரம் முழுக்க நிழல் போடுமே, அந்தக் காட்சிக்காகவே அதற்கு முதலிடம்.

முப்பத்தாறு வயதில், ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகு, பிரமாண்ட மிருகப் படங்கள்தான் உயிர் என்று வெளியே சொன்னால் கடுகண்ணாவை ஊர் முழுக்கச் சிரிக்கும். அதனால் இந்த டயரிக் கொப்பியோடு சரி. சின்ன வயதில் கலஹாவில் இருந்த காலத்தில் அண்ணன் வாடகைக்கு எடுத்து வரும் சீடீக்களுக்கு உறை இருக்காது. ஒரு படத்துக்கும் பெயர் தெரியாது. நண்டுப் படம், விலாங்குப் படம் என்று நாங்கள் வைத்ததுதான் பெயர். இப்போது அதே படங்களை, நான் டைப் வேலை பார்க்கும் கொமினிகேஷன் கடை முதலாளி இப்திகார் நானா எங்கெங்கோ தேடிப் பிடித்து பென் டிரைவில் ஏற்றித் தருகிறார்.

டிலுவுக்கு ஓகஸ்டில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. அதுவரை டீவி கூடாது என்று ஜனவரியிலேயே அவள் அப்பா சொல்லிவிட்டார். ரிமோட் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. கதிரை போட்டு ஏறினால் எட்டும். அவர், தான் ஓட்டும் பிஸ்கட் கம்பனி வேனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்கு வர சனிக்கிழமைகளில் ஐந்து மணியாகும். டிலு வகுப்பு முடிந்து ஒரு மணிக்கு வந்துவிடுவாள்.

இன்று நண்டு துறைமுகத்தில் பாரந்தூக்கியைப் பிடுங்கும்போது, “தளபதியாரே, அது பக்கவாட்டில் வருகிறது” என்று ஒருவன் டப்பிங்கில் சுத்தத் தமிழில் சொல்ல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு டிலு யோசித்துச் சொன்னாள்: “அதுக்குக் கோவம் இல்லம்மா. எடம் பத்தல.”

எனக்கு இந்தப் பயம் பிடிக்கும். மூன்று மணிக்கு முடிந்துவிடும். பிறகு தேத்தண்ணி குடிக்கலாம்.

பெப்ரவரி 11, செவ்வாய்

அவர் ஒன்பதாம் வகுப்போடு ஹந்தானையில் பள்ளிக்கூடத்தை விட்டவர். டிலுவின் கணக்குப் புத்தகத்தை முதல்நாள் தானே உட்கார்ந்து படித்து, மறுநாள் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். பின்னம் வந்ததும் இன்று இரண்டு பேருக்கும் வியர்த்தது.

பெப்ரவரி 17, திங்கள்

கண்டியில், ஆஸ்பத்திரி வாட்டில், டிலுவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். அவள் தூங்குகிறாள். மூச்சு சரியாக வருகிறது. நூறு தடவை பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை விலாங்குப் படம் போட்டிருந்தோம். ஆற்றிலிருந்து எழும்பிப் பாலத்தைச் சுற்றிக்கொள்ளும் மின்சார விலாங்கு. கடைசிச் சண்டையில் அதன் உடம்பிலிருந்து வெள்ளை வெளிச்சம் விட்டு விட்டு அடிக்கும். பக்கத்து வீட்டு அனற் அக்காவின் கண்ணில் படக்கூடாதென்று திரைச்சீலையை மூடியிருந்தோம். அறை இருட்டு. டிலு தரையில், டீவிக்கு மிகக் கிட்ட.

“டிலு, தள்ளி இரு” என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். தலை மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. என்னைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அப்படியே சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகிவிட்டது. வாயோரத்தில் நுரை.

நான் முதலில் என்ன செய்தேன்? எழுதத்தான் வேண்டும். முதலில் டீவியை அணைத்தேன். பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன். ரிமோட்டை அலுமாரிக்கு மேலே எறிந்தேன். அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் தொட்டேன்.

ஏன்டி லோஜினி, அப்படிச் செஞ்ச? யாருக்குப் பயந்து?

சத்தம் கேட்டு அனற் அக்கா சாவிக்கொத்தோடு ஓடி வந்து, இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று டிலுவின் கைக்குள் திணித்தார். இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ. பிறகு உடம்பு தளர்ந்தது. ஆட்டோவில் கண்டி வரைக்கும் அவள் என்னை யாரென்று தெரியாத மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவர் கம்பனிச் சட்டையோடு ஓடி வந்தார். டொக்டர் ஒரு பெண். தமிழ் நன்றாகப் பேசினார். “விழுறதுக்கு முன்னுக்கு பிள்ள என்ன செஞ்சிக்கிட்டு இருந்தா?”

“படிச்சிக்கிட்டு இருந்தா” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொன்னது. பக்கத்தில் நின்ற அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெப்ரவரி 19, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி எதுவும் இல்லை. ஒரு தடவை வந்தது மறுபடி வராமலும் போகலாம், பார்ப்போம் என்றார்கள். இரண்டு கிழமையில் கிளினிக்.

வந்ததும் வராததுமாக அவர் சுவரில் ஒட்டியிருந்த படிப்பு நேர அட்டவணையைக் கிழித்தார். துண்டு துண்டாக. “நாந்தான் லோஜினி. பிள்ளைய மாடு மாதிரி ஓட்டிட்டேன்.”

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் பொங்கியது, அதைப் பார்க்கப் போனேன்.

பெப்ரவரி 22, சனி

ஒரு மணி. இரண்டு மணி. டீவிப் பக்கம் நாங்கள் இரண்டு பேருமே திரும்பவில்லை.

டிலு வந்து என் காதுக்குள் சொன்னாள்: “நான் சொல்லமாட்டேம்மா. நீங்க பயப்படாதீங்க.”

ஒன்பது வயதுப் பிள்ளை எனக்குத் தைரியம் சொல்கிறது.

பெப்ரவரி 26, புதன்

டிலுவைக் குளிக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போட விடுவதில்லை. அடுப்படிக்கு விடுவதில்லை. பள்ளிக்கூடப் படிக்கட்டு எத்தனை என்று எண்ணினேன்: நாற்பத்தொன்று. அவள் ஒரு நொடி பேசாமல் இருந்தால் கூப்பிட்டுவிடுகிறேன். “டிலு?” “என்னம்மா?” “ஒண்ணுமில்ல.” ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தடவை.

அனற் அக்கா அந்தோனியார் கோயில் எண்ணெய் கொண்டு வந்து பூசினார். நல்ல மனுஷி. ஆனால் போகும்போது, “வெளிய யாருக்கும் சொல்லாத, பொம்பளப் புள்ள” என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து புதுப் பயம் ஒன்று.

மார்ச் 4, செவ்வாய்

மறுபடி வந்துவிட்டது.

கிளினிக்குக்குக் காலை ரயிலில் போனோம், மூன்று பேரும். டிலு ஜன்னலோரம், அவர் எதிரே. அவளைச் சிரிக்க வைக்க அவர், “ஏழெட்டு?” என்று கேட்டார். “அம்பத்தாறு.” “ஒம்போதாறு?” அதற்குப் பதில் வரவில்லை.

பிலிமத்தலாவை தாண்டி ரயில் வேகமெடுத்திருந்தது. தண்டவாளத்தோரம் வரிசையாக மரங்கள். அவற்றுக்கு நடுவால் வெயில் அவள் முகத்தில் விழுந்தது. வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல், வெளிச்சம். தலை மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. எனக்கு அந்தத் திருப்பம் தெரியும்.

அந்த நொடியில் புரிந்துவிட்டது. விலாங்கு. அதே வெளிச்சம்.

கிளினிக்கில் டொக்டர் கேட்டார்: “ரெண்டு தரமும் பொதுவா ஏதாவது இருந்ததா? நித்திர இல்லாம, பசியோட, வெளிச்சம், இப்படி?”

நான் வாய் திறக்க முந்தி அவர் சொன்னார்: “படிப்புத்தான் டொக்டர். ரயில்ல சும்மா ரெண்டு வாய்ப்பாடு கேட்டேன். ரெண்டே ரெண்டு.”

நான்? நான் டிலுவின் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தேன். டொக்டர் என்னைப் பார்த்தார். “இல்ல, வேற ஒண்ணுமில்ல” என்றேன்.

மருந்து தொடங்கியிருக்கிறது. அடுத்த செவ்வாய் தலையில் வயர் வைத்து எடுக்கும் டெஸ்ட்.

நான் எப்படிப்பட்டவள்?

மார்ச் 5, புதன்

கடையில் ஒரே கடிதத்தை மூன்று தடவை பிழையாக டைப் பண்ணினேன். வந்தவர் போன பிறகு இப்திகார் நானா, “என்ன தங்கச்சி?” என்றார். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஊரில் வேறு யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அவர் ஸ்டேப்ளருக்குள் கம்பி போடுவதை நிறுத்திவிட்டார்.

“அந்த விலாங்குப் படம் நான்தானே ஏத்தித் தந்த” என்றார்.

“ஐயோ, நீங்க என்னத்துக்கு நானா.”

ஸ்டேப்ளரை மூடி வைத்தார். பிறகு: “புருசனுக்குச் சொல்றது உங்கட விருப்பம், எப்ப வேணும்டாலும் சொல்லுங்க. டொக்டருக்கு இப்ப சொல்லுங்க. அவங்களுக்கிட்ட மறச்சா மருந்து எப்பிடி சரிவரும்?”

கிளினிக் நம்பருக்கு கோல் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயந்து நானே வைத்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

இன்று சொல்கிறேன் என்று காலையில் நினைத்தேன். அவர் லீவு எடுத்து வீட்டில் இருந்தார். டிலுவை மடியில் வைத்துக்கொண்டு, “பரீட்ச எழுதவே வேணாம்டா. அப்பா கேக்கவே மாட்டேன்” என்றார். டிலு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

சொன்னால் என்ன செய்வார்? அடிக்கமாட்டார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம்.

மார்ச் 11, செவ்வாய்

பஸ்ஸில் போனோம். ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்து, டிலுவின் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டு வந்தேன். அவர் கேட்டார், “ஏன் அப்படி அமுக்கிற?” “காத்து அடிக்குது.”

டெஸ்ட் அறை சின்னது. டிலுவைப் படுக்க வைத்து, பசை தடவித் தலை முழுக்க வயர் வைத்தார்கள். அவள் அசையாமல் கிடந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்ட், அதில் வட்டமாக ஒரு விளக்கு. “அது எதுக்கு?” என்று கேட்டேன்.

“கடைசியில கண்ணுக்கு முன்னால வெளிச்சம் விட்டு விட்டு அடிப்போம். எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்றதுதான்.”

“வேணாம்.”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “வேணாம், அடிக்க வேணாம், டொக்டரக் கூப்பிடுங்க.”

டொக்டர் வந்தார். வெளியே காத்திருந்த அவரும் உள்ளே வந்து கதவோரம் நின்றார். நான் டிலுவின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். சனிக்கிழமை. டீவி. இருட்டறை. விலாங்கின் வெளிச்சம். ரயிலில் மர நிழல். படிக்கவில்லை, அன்று படித்துக்கொண்டிருக்கவில்லை.

டொக்டர் கோபப்படவில்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். “இத மொதல்லயே சொல்லியிருந்தா நல்லம். இப்பவாவது சொன்னீங்க. இந்த டெஸ்ட்டுக்கு அதுதான் முக்கியம். நான் பக்கத்துல இருக்கேன், கோடு மாறின ஒடனே நிப்பாட்டுவோம்.”

விளக்கு அடித்தது. கம்ப்யூட்டரில் ஓடிய கோடுகள் திடீரென்று குத்துக் குத்தாக எழும்பின. உடனே நிறுத்தினார்கள். டிலுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. “முடிஞ்சிதாம்மா?” என்று கேட்டாள்.

சில பிள்ளைகளுக்கு வெளிச்சம் ஒத்துக்கொள்ளாதாம். படத்தால் வந்த வலிப்பு வருத்தம் இல்லை. பிள்ளைக்குள் இருந்தது, வெளிச்சம் பட்டதும் வெளியே வந்திருக்கிறது. மருந்தை மாற்றினார்கள். விட்டு விட்டு அடிக்கும் வெளிச்சம் வந்தால் கண்ணை மூடினால் போதாதாம், ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்த வேண்டும் என்று டொக்டர் செய்து காட்டினார்.

பஸ் தரிப்பிடம் வரை அவர் டிலுவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அங்கே வைத்து, என்னைப் பார்க்காமல், சொன்னார்:

“இருபத்தினாலு நாள் நான் என்னையே கொன்னுக்கிட்டு இருந்தேன். நீ பாத்துக்கிட்டே இருந்த.”

மார்ச் 12, புதன்

அவர் தனியாக முன் ஹோலில் படுத்தார்.

மார்ச் 16, ஞாயிறு

“அம்மாக்கிட்ட சொல்லு, சட்டைல பொத்தான் இல்லேன்னு.” இன்று எனக்கு வந்த வார்த்தைகள் இவ்வளவுதான். அதுவும் டிலு வழியாக.

மார்ச் 27, வியாழன்

மூன்று கிழமையாக டிலுவுக்கு ஒன்றும் வரவில்லை. மருந்து காலை ஏழு, மாலை ஏழு. அவர் கைபேசியில் அலாரம் வைத்திருக்கிறார். நானும் வைத்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து அடிக்கின்றன. ஒருவரும் மற்றவரிடம், நீ அணை என்று சொல்வதில்லை.

டிலு அவரிடம் போய், “நான்தாம்பா படம் போடச் சொன்னேன். அம்மா வேணாம்னுதான் சொன்னாங்க” என்றாளாம். பச்சைப் பொய். என்னிடம் கற்றது. அவர் அவளைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் வெளியே நின்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. டிலு அனற் அக்கா வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கப் போயிருந்தாள். அவர் அடுப்படிக் கதவில் வந்து நின்றார்.

“பிள்ள எப்படி விழுந்திச்சின்னு முழுசாச் சொல்லு. நான் பாக்கல இல்லியா.”

சொன்னேன். டீவியை முதலில் அணைத்ததையும் சொன்னேன். பென் டிரைவையும், ரிமோட்டையும். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது.

கதவு நிலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “அணைச்சது நல்லதுதான். வெளிச்சம் நின்னிருக்கும்.”

“நான் அதுக்காக அணைக்கலங்க.”

“தெரியும்.”

பிறகு, “எனக்கு அவ்வளவு பயமா ஒனக்கு?” என்று கேட்டார். நான் தேத்தண்ணியை ஊற்றி வைத்தேன். அவர் வற்புறுத்தவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் நேராக என்னிடம் கேட்டார். டிலு வழியாக இல்லை.

மே 12, திங்கள்

வெசாக் போயா, புத்தர் பௌர்ணமி. கண்டி முழுக்க விளக்குக் கூடு கட்டியிருப்பார்கள் என்று வெளியே போகாமல் இருக்கத்தான் பார்த்தோம். ஆனால் ஹந்தானையில் அவருடைய சித்தப்பாவுக்குச் சுகமில்லை, போக வேண்டியதாகிவிட்டது. இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினோம். பஸ் நெரிசலில் நின்று நின்று வந்தது. ஆறரைக்கு ஒரு சந்தியில் அசையாமல் நின்றுவிட்டது.

ஜன்னலுக்கு நேரே வெசாக் தோரணப் பந்தல். மூன்று மாடி உயரம். ஆயிரக்கணக்கான பல்பு. மின்சாரம் வந்ததும் சிவப்பு, நீலம், வெள்ளை என்று ஓடத் தொடங்கியது. எரிந்து அணைந்து எரிந்து அணைந்து. எத்தனையோ படத்தில் எத்தனையோ ராட்சத மிருகம் பார்த்தவள் நான். எதுவும் அப்படி என்னைக் குலைநடுங்க வைத்ததில்லை.

“டிலு, கண்ண—” என்று அவளை இழுத்து வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன். விரலிடுக்கில் வெளிச்சம் போகிறதோ, போகிறதோ. பின் சீட்டில் இருந்த அவர் எழும்பி, சனத்தைத் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலை முதுகால் மறைத்து நின்றார். குனிந்து என் கைக்கு மேல் தன் கையை வைத்து அழுத்தினார்.

“நடுங்காத. நல்லாப் பொத்து. நான் இருக்கேன்.”

பஸ் நகரும் வரை அப்படியே நின்றோம். எத்தனை நிமிடம் என்று தெரியாது. டிலு எங்கள் கைகளுக்கு அடியில் இருந்து, “மூச்சு முட்டுது” என்றாள். அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கிவிட்டது.

ஒன்றும் வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

கிளினிக். நான்கு மாதமாக ஒன்றும் இல்லை. டொக்டருக்குத் திருப்தி. மருந்து இன்னும் சில வருஷத்துக்கு. “டீவி பாக்கலாமா?” என்று டிலு நேராகவே கேட்டுவிட்டாள். நான் கூசிப்போனேன். வெளிச்சமான அறையில், தூரமாக இருந்து, கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றார் டொக்டர். விட்டு விட்டு அடிக்கும் வெளிச்சம் உள்ளது கூடாது.

இனி எதுவும் பார்க்கப்போவதில்லை என்று நான் மனதுக்குள் முடிவெடுத்தேன். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஓகஸ்ட் 11, திங்கள்

பரீட்சை முடிந்தது. அவள் எழுதுவேன் என்றுதான் நின்றாள். அவர் பாடசாலைக் கேற்றுக்கு வெளியே மருந்தோடும் தண்ணீர்ப் போத்தலோடும் முழு நேரமும் நின்றார். வினாத்தாள் எப்படி என்று கேட்கவேயில்லை. “தல வலிக்குதா?” என்றுதான் கேட்டார்.

ஓகஸ்ட் 23, சனி

ஒரு மணிக்கு அவர் வந்து நின்றார். அரை நாள் லீவாம். சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார்.

“நாலு நாளா மதியச் சாப்பாட்டு நேரத்துல வேனுக்குள்ள இருந்து ஃபோன்ல பாத்தேன். முழுசாப் பாத்துட்டேன். பாலைவனத்துல பெரிய ஒடும்பு ஒண்ணு. பகல்ல மட்டுந்தான் வருது. ஒரே வெயில். மின்னல் இல்ல, சண்டைக்கு லைட் அடிக்கிறது இல்ல. நடுவுல ஒரு எடத்துல மட்டும் வெடிக்குது, அதையும் இப்திகார் நானாக்கிட்டச் சொல்லி வெட்டிட்டேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். டிலு அதற்குள் கதிரையை இழுத்துக்கொண்டு போய் டீவிக்கு எதிர்ச் சுவரோடு போட்டுவிட்டாள். திரைச்சீலைகளை அவர் விரியத் திறந்தார். அறை முழுக்க மத்தியானம்.

படம் என்னவென்று என்னைக் கேட்டால் தெரியாது. உடும்பு வந்தது, மணல் பறந்தது, யாரோ ஓடினார்கள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சிமிட்டுகிறதா, தலை திரும்புகிறதா. ஒரு கட்டத்தில் தலையைத் தூக்கினால், டிலுவின் அந்தப் பக்கத்தில் இருந்த அவரும் அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“படத்தப் பாருங்களேன், ரெண்டு பேரும்” என்றாள் டிலு, டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.